பாவம்வரை தண்ணீர்

டாக்டர் கொடுத்த மாத்திரையைத் திட்டுவதோடு தொடங்குகிறது நாவல். திட்டுகிறவர் மாத்யூ பிராம்பிள். வேல்ஸ் நாட்டில் நிலபுலன் உள்ளவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கீல்வாதக்காரர். உடம்பு சரியில்லை, மனசும் சரியில்லை, கூட வந்திருக்கும் உறவுக்கூட்டம் பிராணனை வாங்குகிறது என்று டாக்டர் லூயிஸுக்கு ஒரு பாட்டம் புலம்புகிறார். அந்தக் கடிதத்திலேயே, போகிற போக்கில், ஊர்க் காரியம் ஒன்றும் சொல்லிவைக்கிறார். மார்கனின் விதவைக்கு அந்த அல்டர்னிப் பசுவைக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்குத் துணி எடுக்க 40 ஷில்லிங்கும் கொடுங்கள். ஈ காக்கைக்குத் தெரிய வேண்டாம்.

ஈ காக்கைக்குத் தெரியாமல் போன பசு, பிறகு வேறொரு கடிதத்தில் மறுபடி தலைநீட்டுகிறது. இம்முறை பேனா அவருடைய தங்கை தபித்தாவின் கையில். தன்னைக் கேட்காமல் பசுவைத் தூக்கிக் கொடுக்க இந்த டாக்டர் யார், நாளைக்கு நாலு காலன் கறந்த மாடாயிற்றே என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குவில்லிம் அம்மாளுக்கு எழுதிக் கொதிக்கிறாள். நாலு காலன் என்றால் ஏறக்குறைய 18 லிட்டர். கணக்குப் பார்க்கிற எவருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அண்ணனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பதைக் கௌரவமாகச் சொல்ல லத்தீனில் ஒரு தொடரை எடுக்கிறாள். எடுத்த தொடரைக் கடித்துத் துப்பியும் விடுகிறாள்.

அண்ணன் நல்லவர் என்று ஆசிரியர் எங்கும் எழுதவில்லை. தங்கை கஞ்சம் என்றும் எழுதவில்லை. ஒரு பசு இரண்டு உறைகளுக்குள் போய்வந்தது, அவ்வளவுதான். இரண்டு உறையையும் பிரித்துப் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் நாம் மட்டுமே.

'தி எக்ஸ்பெடிஷன் ஆஃப் ஹம்ப்ரி கிளிங்கர்' 1771இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. எழுதியவர் டோபியஸ் ஸ்மாலெட்; ஸ்காட்லாந்துக்காரர், தொழில்முறை மருத்துவர், கடற்படைக் கப்பலில் அறுவை மருத்துவரின் உதவியாளாகப் போய் 1741இல் கார்ட்டஹேனா முற்றுகையைப் பார்த்தவர், 'டான் கிஹோட்டே'யை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். முதல் பதிப்பின் முதல் தொகுதியில் ஆண்டை ரோமன் எண்ணில் அச்சுக்கோத்தவர் ஓர் எழுத்தில் தடுக்கி விழ, 1771 என்பது 1671 ஆகிவிட்டது. வேறு புத்தகமாக இருந்தால் அது வெறும் அச்சுப்பிழை. எழுத்துப்பிழையையே கலையாக்கிய இந்தப் புத்தகத்துக்கு அது பிள்ளையார் சுழி மாதிரி அமைந்துவிட்டது.

கதை என்று சொன்னால் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு குடும்பம் குதிரைவண்டியில் ஏறுகிறது. கிளாஸ்டர், பிரிஸ்டல் ஊற்று, பாத், லண்டன், ஹாரோகேட், ஸ்கார்பரோ, எடின்பரோ, கிளாஸ்கோ, லோமண்ட் ஏரி என்று சுற்றிவிட்டுத் திரும்புகிறது. ஏப்ரல் 2இல் முதல் கடிதம், நவம்பர் 20இல் கடைசிக் கடிதம். வண்டிக்குள் இருப்பவர்கள் பிராம்பிள், தபித்தா, இறந்துபோன சகோதரியின் பிள்ளைகளான ஜெரியும் லிடியாவும், தபித்தாவின் வேலைக்காரப் பெண் வின் ஜென்கின்ஸ். ஆங்கிலம் 'அங்கிள்' என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. தமிழில் படிக்கிற மனம் நிறுத்துவதில்லை; அவர் தாய்மாமன் என்று உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. தாய்மாமன் என்றானதும் அவருடைய சிடுசிடுப்புக்கு ஒரு உரிமையும், பிள்ளைகள் அவரைச் சகித்துக்கொள்வதற்கு ஒரு நியாயமும் வந்துவிடுகின்றன. தபித்தா மட்டும் சிக்கல். 'ஆன்ட்' என்று எழுதிவிட்டு ஸ்மாலெட் போய்விட்டார். சித்தியா பெரியம்மாவா என்று தெரியாமல் நான் பல பக்கங்கள் தவித்தேன்.

ஐந்து பேரும் ஐந்து பேருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். மாமா டாக்டருக்கு. ஜெரி ஆக்ஸ்ஃபோர்டு நண்பனுக்கு. பதினேழு வயது லிடியா பள்ளித் தோழிக்கு. தபித்தா வீட்டு நிர்வாகிக்கு. அதில் பெரும்பாலும் மோரும் வெண்ணெயும் பூட்டும் சாவியும். வின், வீட்டில் விட்டுவந்த சக வேலைக்காரி மேரி ஜோன்ஸுக்கு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பதில்லை. பதில் கடிதம் ஒன்றுகூட நூலில் இல்லை.

நான் இதை இரவுக்கு இரண்டு மூன்று கடிதமாகத்தான் படித்தேன். ஒரே மூச்சில் படித்தால் அலுக்கும். உறவினர் வீட்டில் பத்து நாள் தங்கினால் ஒவ்வொருவர் இருமலும் நமக்கு அடையாளம் தெரிந்துவிடுமே, அப்படி மெல்ல மெல்லப் பிடிபட வேண்டிய புத்தகம். பாதியில் ஒரு கட்டத்தில், மேலே யார் எழுதியது என்று பார்க்காமலே முதல் வரியில் ஆளைச் சொல்ல முடிந்தது. ருசி அங்கேதான் ஆரம்பித்தது.

பாத் நகரத்து அத்தியாயங்களை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

பாத்தில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பொங்குகிறது. ஏறக்குறைய 46 டிகிரிச் சூடு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டனின் பணக்காரர்களும் பணக்காரர்கள் போல நடிப்பவர்களும் அங்கே கூடினார்கள். காலையில் குளத்தில் இறங்குவது, பிறகு பம்ப் ரூமில் அந்த ஊற்று நீரைக் குடிப்பது, மாலையில் நடனம். பெரிய மனிதர் யாராவது ஊருக்குள் வந்தால் தேவாலய மணியை அடித்துத் தெரிவிப்பார்கள்.

முதலில் மணி. லிடியாவுக்கு அந்த மணியோசை ஊரே கொண்டாடுகிற மாதிரி இருக்கிறது. காலை முதல் இரவுவரை சந்தோஷமாக ஒலிக்கிறது என்று தோழிக்கு எழுதுகிறாள். மாமாவுக்கு அதே மணி மண்டையில் அடிக்கிறது. இன்று இந்தப் பாடு படுத்துவது யாருக்காக என்று விசாரித்தால், டாட்டன்ஹாமைச் சேர்ந்த புல்லக் என்ற பால்மாட்டு வியாபாரிக்கு அஜீரணமாம், அதற்குத் தண்ணீர் குடிக்க எழுந்தருளியிருக்கிறாராம். இதை நமக்குச் சொல்வது ஜெரி. மருமகனுக்கு எல்லாமே வேடிக்கை. மணியும் வேடிக்கை, மணியைக் கேட்டு மாமா துள்ளுவதும் வேடிக்கை. ஒரு மணி, மூன்று காது.

அடுத்து குளம். மாமா குளத்தை எட்டிப் பார்த்ததும், உடம்பெல்லாம் புண்ணாக இருக்கும் ஒரு குழந்தையைக் கையில் ஏந்தி ஒருவர் நீருக்குள் நிற்பது கண்ணில் படுகிறது. அந்தப் புண்ணின் சீழ் நீரில் கலக்கும், அந்த நீர் இன்னொருவர் மேல் படும், போதாக்குறைக்குக் குளத்து நீர் கசிந்து குடிநீரோடும் கலந்தால்? அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. லிடியாவின் கண்ணோ ஆடை அலங்காரத்தில் இருக்கிறது. பெண்கள் பழுப்பு நிற லினன் சட்டையும் பாவாடையும் போட்டு, தலையில் தொப்பி வைத்து, முகத்து வேர்வை துடைக்கக் கைக்குட்டையை அந்தத் தொப்பியிலேயே செருகிக்கொண்டு இறங்குகிறார்கள் என்று துணிக்கடைக் கணக்காக எழுதுகிறாள். சீழ் இல்லை, கிருமி இல்லை, கைக்குட்டை இருக்கிறது.

வின் ஜென்கின்ஸும் எஜமானியோடு இரண்டு முறை குளத்தில் இறங்கினாள். இறங்கிய இடத்தில் பாவாடை நழுவி அடியில் போய்விட்டது, எடுக்க முடியவில்லை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, நான் கழுத்துக்கு மேலே தாடைவரை தண்ணீரில் அல்லவா நின்றேன் என்று மேரிக்கு எழுத நினைக்கிறாள். தாடைக்கு ஆங்கிலத்தில் 'சின்'. அவள் எழுதியது 'ஸின்'. பாவம். பாவம்வரை தண்ணீரில் நின்றாளாம்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்தைப் புரட்டினேன். அந்தச் சொல் பின்னால் திரும்பி வந்து என்னைப் பிடிக்கும் என்று அப்போது தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மாமாவின் பயம் வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. 1752இலேயே ஸ்மாலெட் தண்ணீர் வைத்தியத்தைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். சாதாரண நீரே பல நோய்க்குப் போதும் என்பதும், பாத் குளங்களின் வசதிக்குறைவுகளும் அதில் வருகின்றன. டாக்டராகச் சொல்லி எடுபடாததைப் பத்தொன்பது வருடம் கழித்து ஒரு சிடுமூஞ்சி மாமாவின் வாயில் போட்டுவிட்டார். 1978இல் பாத் ஊற்றுநீரில் நீந்திய ஒரு சிறுமி அமீபாக் கிருமியால் மூளைக்காய்ச்சல் கண்டு இறந்தாள். பழைய குளங்களில் குளிப்பது அதோடு நிறுத்தப்பட்டது. இருநூறு ஆண்டு தள்ளி மாமாவின் மூக்குக்குக் கிடைத்த சான்றிதழ் அது. கொண்டாடத்தான் மனம் வராது.

இங்கே ஒரு பழைய பகையைச் சொல்லியாக வேண்டும். 1763இல் ஸ்மாலெட் தம் ஒரே மகளைப் பறிகொடுத்தார். அவளுக்குப் பதினைந்து வயது. உடல்நலமும் கெட்டு, மனைவியோடு பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் போனார். 1766இல் அந்தப் பயணத்தைக் கடிதங்களாகவே வெளியிட்டார். சத்திரம் அழுக்கு, சாப்பாடு மோசம், வண்டிக்காரன் திருடன் என்று வழிநெடுகக் குறை. 1768இல் லாரன்ஸ் ஸ்டெர்ன் தம் 'எ சென்டிமென்டல் ஜர்னி'யில் அவரை 'ஸ்மெல்ஃபங்கஸ்' என்று பட்டப்பெயர் வைத்து வாரினார். மோப்பமும் பூஞ்சையும் சேர்ந்த பெயர். போன இடத்தையெல்லாம் தன் மனக்கசப்பின் வழியாகவே பார்க்கிற மனிதன் என்பது குற்றச்சாட்டு.

'ஹம்ப்ரி கிளிங்கரை' அதற்கான பதிலாகவே நான் படிக்கிறேன். 1766இன் பயணமும் கடிதம்தான், 1771இன் பயணமும் கடிதம்தான். முன்னதில் பேனா ஒன்று, பின்னதில் ஐந்து. ஸ்மாலெட் தம் மூக்கை மாற்றிக்கொள்ளவில்லை. அதே மூக்கை பிராம்பிளுக்கு வைத்தார். வைத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே மறுசாட்சி சொல்ல நான்கு பேரை ஏற்றி உட்காரவைத்தார். ரேனலா பூங்காவில் விளக்குகளையும் இசையையும் பார்த்த லிடியா தேவலோகத்துக்கே வந்துவிட்டதாக எழுதுகிறாள். செக்கு மாடு போல ஒரு வட்டத்தையே சுற்றிச் சுற்றி வருகிற கூட்டத்தைக் கண்டு மாமா வெறுக்கிறார். யார் சொல்வது சரி என்று ஆசிரியர் தீர்ப்பு எழுதவில்லை. தனியாகப் புலம்பினால் எரிச்சலூட்டுகிற ஆள், நாலு பேர் நடுவில் புலம்பும்போது சிரிக்க வைக்கிறார். நம் எல்லார் வீட்டிலும் இதற்கு ஒருவர் உண்டு.

லண்டனில் அந்த மூக்குக்கு விருந்து. ரொட்டியில் சுண்ணமும் படிகாரமும் எலும்புச் சாம்பலும். காய்கறி பச்சையாகத் தெரிய அதைப் பித்தளைக் காசோடு வேகவைக்கிறார்கள். திறந்த வாளியில் தெருத்தெருவாகப் போகும் பாலில் விழாத அசிங்கம் இல்லை. கலப்படத்தைப் பற்றி இன்று நாம் பேசுகிற பேச்சையெல்லாம் பிராம்பிள் பேசித் தீர்த்துவிட்டார். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டலாம். பட்டியல் எவ்வளவு நயமானாலும் பட்டியல்தான்.

நிதானிக்க வேண்டிய இடம் வின்னின் கடிதங்கள். அவள் எழுத்தைப் பிழை என்று சொல்லவே கூசுகிறது. பாத்தில் அவள் பார்த்த கிரெசன்ட் அவள் கையில் ஏதோ மோதி நொறுங்கியது போல ஒலிக்கிறது. பிளாடுட் பில்டிங்ஸ் ரத்தக் கட்டடமாகிறது. வாசிக்கத் தெரிந்தவளின் பெருமை வேறு. மேரிக்கு அறிவுரை சொல்கிறாள்: ஸ்பெல்லிங்கைப் பார்த்து எழுது, உன் போன கடிதத்தைப் படிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அந்த 'ஸ்பெல்லிங்'கை அவள் எழுதிய லட்சணம் 'ஸ்பில்லிங்'. எழுத்துக்கூட்டச் சொல்லப்போய் எழுத்தைக் கொட்டிவிட்டாள்.

கிளிங்கர் லண்டனில் மெதடிஸ்ட் உபதேசியாக மாறிய பிறகு அவளுக்கும் பக்தி முற்றுகிறது. 'கிரேஸ்' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'கிரீஸ்' வருகிறது. அருள் இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு. தமிழில் இதை எப்படிக் கொண்டுவருவது என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன். நமக்கும் இப்படி வழுக்கும் இடங்கள் உண்டு: மனம் மணமாகும், ஒளி ஒலியாகும், அலகு அழகாகும். ஆனால் அருள் எப்படிக் கொழுப்பாகும்? ஓசை ஒத்துவராது. பொருளோ இன்னும் நன்றாக வருகிறது. 'கடவுள் கொழுப்பால் நலமே' என்று ஒரு பெண் தமிழில் எழுதினால், நம் ஊரில் கொழுப்புக்கு இருக்கும் இன்னொரு அர்த்தமும் சேர்ந்து, சாமி கொஞ்சம் திமிர் பிடித்தவராகவே தெரிவார். ஸ்மாலெட்டுக்கு அந்த அர்த்தம் கிடைக்கவில்லை. நமக்கு மேலதிகமாகக் கிடைத்த ஒரு கரண்டி நெய்.

எடின்பரோவைப் பற்றி மாமாவும் வின்னும் எழுதுவதை அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். மாமா அந்த ஊரின் அறிஞர் கூட்டத்தைக் கண்டு மலைக்கிறார். டேவிட் ஹியூம், ஆடம் ஸ்மித் என்று பெயர்கள் வருகின்றன. வின்னுக்குத் தெரிந்த எடின்பரோ வேறு. அங்கே வீட்டில் கழிப்பிடம் கிடையாது. இரவு பத்து மணிக்குப் பானைகளையெல்லாம் பின்பக்க ஜன்னல் வழியாகத் தெருவில் கவிழ்ப்பார்கள். கவிழ்க்கும் முன் வேலைக்காரி 'கார்டி லூ' என்று குரல் கொடுப்பாள். தண்ணீர் வருகிறது, ஜாக்கிரதை என்ற பிரெஞ்சுத் தொடரின் சிதைவு அது. அதற்கு வின் ஓர் உரை எழுதுகிறாள்: ஆண்டவர் உம்மேல் இரக்கம் வைப்பாராக என்று அர்த்தமாம். மொழியியலாகப் பார்த்தால் தவறு. அந்த நேரத்தில் அந்தத் தெருவில் நடந்துபோகிறவன் நிலையிலிருந்து பார்த்தால் அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு இல்லை.

எல்லாம் இனிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நாற்பத்தைந்து வயதுக் கன்னி மாப்பிள்ளை தேடுகிறாள் என்பதையே திரும்பத் திரும்பச் சிரிப்பாக்குவது இன்று புளிக்கிறது. பாத்தில் மாடிப்படியில் கொம்பு ஊதிப் பழகும் இரண்டு கறுப்பினத்தவரை மாமா பிரம்பால் விளாசுகிறார். அன்று அது நகைச்சுவை. அவர்கள் தோட்ட முதலாளி ஒருவரின் ஆட்கள் என்பது தெரிந்து படிக்கும்போது என் சிரிப்பு அந்தப் படியிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பிராம்பிளே இன்னொரு கடிதத்தில் பாத்தின் புதுப்பணக்காரர்களை வரிசைகட்டித் திட்டுகிறார். அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளை ஓட்டியவர்கள், கிழக்கிந்தியாவில் மாகாணங்களைச் சூறையாடிய மூட்டையோடு வந்திறங்கிய குமாஸ்தாக்கள், ஏஜென்டுகள். அந்த வரியில் நமக்குக் காது விடைக்கும். 1744இல் சென்னைக் கோட்டைக்கு எழுத்தராக வந்துசேர்ந்த ராபர்ட் கிளைவும் பாத்தில் தங்கி அந்த ஊற்று நீரைக் குடித்தவர்தான். இங்கிருந்து போன பணம் எந்தக் குளத்தில் கால் நனைத்தது என்று ஒரு நகைச்சுவை நாவல் போகிற போக்கில் காட்டிக்கொடுக்கிறது. பிராம்பிளின் கோபத்துக்குக் காரணம் நம் மேல் கொண்ட பரிவு என்று நினைத்துவிடக் கூடாது. நேற்றுவரை கைகட்டி நின்றவன் இன்று தனக்குச் சமமாக நடனமாடுகிறான் என்பதுதான் அவர் வயிற்றெரிச்சல்.

ஸ்மாலெட் தம்மையும் விட்டுவைக்கவில்லை. ஜெரி ஒரு ஞாயிற்றுக்கிழமை 'மிஸ்டர் எஸ்' என்ற எழுத்தாளர் வீட்டு விருந்துக்குப் போகிறான். ஏழை எழுத்தாளர்களுக்கு அங்கே வாராவாரம் மாட்டிறைச்சி, புட்டிங், உருளைக்கிழங்கு, ஒயின், பீர். ஏன் ஞாயிறு? கடன்காரர்களைக் கைது செய்ய முடியாத நாள் அது ஒன்றுதான். விருந்தாளிகளில் சிலர் மற்ற நாளில் வெளியே தலைகாட்ட முடியாது. வந்திருப்பவர்களில் ஒருவர் வேளாண்மை நூல் எழுதுகிறார், கதிர் வளர்ந்து கண்ணால் பார்த்ததில்லை. இன்னொருவர் ஐரோப்பாவும் ஆசியாவில் ஒரு பகுதியும் சுற்றிய பயண நூலை அப்போதுதான் முடித்திருக்கிறார், கிங்ஸ் பெஞ்ச் சிறையின் எல்லையைத் தாண்டாமல். 1760இல் ஒரு கடற்படைத் தளபதியை இதழில் தாக்கி எழுதியதற்காக மூன்று மாதத் தண்டனை பெற்று அதே கிங்ஸ் பெஞ்ச் சிறையில் கிடந்தவர் ஸ்மாலெட். பயண நாவலுக்குள், நகராமலே பயண நூல் எழுதியவனை, தாம் அடைபட்ட சிறையிலேயே குடியமர்த்தியிருக்கிறார்.

இவ்வளவு சொல்லியும் ஹம்ப்ரி கிளிங்கர் யார் என்று சொல்லவில்லை. தப்பு என்னுடையது மட்டும் இல்லை. நாவலும் சொல்வதில்லை. தலைப்பில் பெயர் உள்ளவன் ஏறக்குறைய கால்பங்கு கடந்த பிறகுதான் தலைகாட்டுகிறான். தலையைக் காட்டினான் என்பதும் சரியில்லை. பாத்திலிருந்து லண்டன் போகும் வழியில் வண்டி கவிழ்ந்து, புதிதாக ஒரு குதிரையோட்டியை அமர்த்துகிறார்கள். மேலே சட்டை இல்லை, கீழே கால்சட்டை கிழிசல். முன்னால் குதிரையில் அவன் குனிந்து நிமிர, பின்னால் வண்டியிலிருந்த தபித்தாவுக்கு அவன் பின்புறம் முழுத் தரிசனம். அயோக்கியன், வேண்டுமென்றே செய்கிறான் என்று கூச்சல்.

விசாரித்தால், அனாதை இல்லத்தில் வளர்ந்து கொல்லன் பட்டறையில் தொழில் பழகியவன். காய்ச்சலில் விழுந்ததும் வேலை போயிற்று, துணியெல்லாம் அடகில். மாமா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அவன் குற்றங்களை எண்ணுகிறார்: நோய், பசி, இல்லாமை. குற்றம் நிரூபணமானது என்று சொல்லி ஒரு கினியைக் கையில் திணித்து, போய்த் துணி வாங்கிப் போடு என்கிறார். அல்டர்னிப் பசுவைக் கொடுத்த அதே கை. கிளிங்கர் என்ற சொல்லுக்கு உலையில் எரிந்து மிஞ்சும் கிட்டம் என்றும் அர்த்தம் உண்டு. பிராம்பிள் என்றால் முட்செடி. கறுப்பாகப் பழம் பழுக்கும் முட்செடி.

அன்றிலிருந்து கிளிங்கர் அந்தக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டான். வழிப்பறிக்காரன் என்று தவறாகப் பிடித்து கிளார்க்கன்வெல் சிறையில் போட்டால், அங்கே கைதிகளுக்கு உபதேசம் செய்து அத்தனை பேரையும் ஜபத்தில் உட்கார வைக்கிறான். பீர் விற்பனை படுத்துவிட்டது என்று சிறைக்காவலர் அழுகிறார். ஸ்கார்பரோ கடற்கரையில் மாமா குளிப்பு வண்டியிலிருந்து பிறந்தமேனியாகக் கடலில் குதித்து, குளிர் தாங்காமல் ஒரு சத்தம் போட, எஜமான் மூழ்குகிறார் என்று துணியோடு பாய்ந்து அவர் காதைப் பிடித்துக் கரைவரை இழுத்து வருகிறான். கரையில் ஆணும் பெண்ணுமாகக் கூட்டம். மாமா அவனை ஓங்கி அறைகிறார்.

ஐந்து பேர் இத்தனையும் எழுதுகிறார்கள். கிளிங்கர் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. அவனுக்கு எழுத ஆளில்லை. தாய் தகப்பன் யாரென்று தெரியாதவன் யாருக்கு எழுதுவான்?

பயணத்தின் கடைசிக் கட்டத்தில் வெள்ளத்தில் பெருகிய ஓர் ஆற்றில் வண்டி கவிழ்கிறது. மாமா உள்ளே சிக்கி நினைவிழக்கிறார். கிளிங்கர் மூழ்கி அவரை வெளியே இழுத்துப் போடுகிறான். ஸ்கார்பரோவில் கேலிக்கூத்தாக நடந்தது இங்கே நிஜமாக நடக்கிறது. அன்று காதைப் பிடித்து இழுத்த அவசரத்துக்கு இன்று அர்த்தம் வருகிறது. கொஞ்ச நாளில், மாமாவின் பழைய கல்லூரி நண்பர் ஒருவர் அவரை இளமைக்காலத்துப் பெயரால் மாத்யூ லாய்ட் என்று அழைக்கிறார். சொத்து காரணமாக இடையில் சில காலம் தாய்வழிப் பெயரில் இருந்தவர் அவர். அந்தப் பெயரைக் கேட்டுக் கிளிங்கர் திடுக்கிட, அவன் பத்திரமாக வைத்திருந்த அடையாளங்கள் வெளியே வர, அவன் மாத்யூ பிராம்பிளின் சொந்த மகன் என்று தெரிகிறது. இளமையில் செய்த பாவம் எதிரில் வந்து நிற்கிறது என்று மாமாவே ஒப்புக்கொள்கிறார்.

இந்த இடத்தில்தான் வின்னின் பிழை என் ஞாபகத்துக்கு வந்தது. தண்ணீரிலிருந்து கரையேற்றப்பட்ட மனிதர் கண்விழித்துப் பார்த்தது தம் பாவத்தின் முகத்தை. பாவம்வரை தண்ணீர். எழுதியவளுக்கு அது தெரியாது, எழுதவைத்தவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று தமிழ்ச் சொல்லில் இருக்கிறது. பாவம் என்றால் நமக்குக் குற்றமும்தான், இரக்கமும்தான். சத்திரத்து வாசலில் கிழிந்த கால்சட்டையோடு நின்றவனைப் பார்த்து மாமா பாவம் பார்த்தார். யார் மேல் பாவம் பார்த்தாரோ அவனே தம் பாவம் என்று சில மாதம் கழித்துத் தெரிந்தது.

இந்தச் சிரிப்பை எழுதியபோது ஸ்மாலெட் இத்தாலியில் லிவோர்னோ பக்கம் இருந்தார். உடம்பு ஓய்ந்துவிட்டது. நாவலில் மாமா ஸ்காட்லாந்துக்குப் போனதும் நடை மாறுகிறது; மூக்கு ஓய்வெடுக்கிறது. லோமண்ட் ஏரியிலிருந்து புறப்பட்டுக் கிளைடில் சேரும் லெவன் ஆற்றங்கரையை அவர் எழுதுகிற வரிகளில் ஒரு குறைகூட இல்லை, நடுவில் அந்த ஆற்றுக்கு ஒரு பாட்டு வேறு. 1721இல் ஸ்மாலெட் பிறந்தது அந்த ஆற்றங்கரையில். நோயாளி மாமா பயணத்தில் தேறிக்கொண்டே வருகிறார். அவரை எழுதியவர் தேறவில்லை. ஜூனில் புத்தகம் வெளிவந்தது. செப்டம்பர் 17இல் அவர் இறந்தார்.

நாவலின் கடைசிக் கடிதத்தை அவர் மாமாவிடம் கொடுக்கவில்லை, படித்த ஜெரியிடமும் கொடுக்கவில்லை. வின்னிடம் கொடுத்தார். மூன்று கல்யாணம் ஒரே நாளில்: லிடியாவுக்கு அவள் காதலன், தபித்தாவுக்கு லிஸ்மஹாகோ என்ற ஒல்லி ஸ்காட்டிஷ் லெப்டினன்ட், வின்னுக்குக் கிளிங்கர். 'மேட்ரிமோனி' என்பதை அவள் எழுதிய விதத்தில் திருமணத்துக்குள் 'மணி' வந்து உட்கார்ந்துவிட்டது, காசு.

நேற்றுவரை வேலைக்காரி, இன்று எஜமானரின் மருமகள். மேரி ஜோன்ஸுக்கு அவள் இறுதியாகச் சொல்வது: நான் உயர்ந்த இடத்துக்கு வந்துவிட்டேன், கீழ் வேலைக்காரர்களோடு இனி சரளமாகப் பழக முடியாது, தள்ளி நின்று மரியாதையாக நடந்துகொண்டால் என் தயவு உண்டு. உயர்ந்த வட்டம் என்பதற்கு அவள் எழுத நினைத்தது 'ஸ்ஃபியர்'. எழுதியது 'ஸ்பியர்'. ஈட்டி. முன்னைவிட உயரமான ஈட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, புதுப் பெயரில் 'டபிள்யூ. லாய்ட்' என்று கையெழுத்துப் போடுகிறாள். பெயரில் மட்டும் பிழையே இல்லை.